பரண் மேல் இருப்பது யாருடையது?

சென்ற இதழில் என் வீட்டுப் பரணை ஒழித்த கதையை எழுதியிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கும்போது கணுக்கால் பிசகியதைத் தவிர அதில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனாலும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றை வைக்கவே ஒரு பெட்டி தேட வேண்டியதாயிற்று. கிளை நூலகத்தில் 31 ஆண்டு அடுக்குவதும் கழிப்பதுமாகவே காலம் தள்ளியவள் நான். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள். மற்றபடி என் துணி அலமாரியைத் திறந்து பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள்.

பெரிய வீட்டை விட்டுத் திருச்சியில் அடுக்ககத்துக்குக் குடிபோகிறோம். பரண் முழுக்கப் பாத்திரங்கள். மாமியார் ஒரு கரண்டியைக்கூட விடமாட்டேன் என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
*— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, கும்பகோணம்*

“இது வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்பதை முதலில் நிறுத்துங்கள் அம்மா. எழுபதைத் தாண்டியவரிடம் அப்படிக் கேட்டால் “வேண்டும்” என்றுதான் பதில் வரும். எனக்கு அறுபத்தாறு; நானே அப்படித்தான் சொல்வேன். “இது யார் கொடுத்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

பாத்திரத்தின் கழுத்தை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். கடைக்காரர் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்திருப்பார். எங்கள் பரணில் இருந்த எவர்சில்வர் அடுக்கு ஒன்றில் ‘கு.வி. 12.9.74’ என்று இருந்தது. எங்கள் வீட்டில் கு.வி. யாரும் கிடையாது. மாமியார் அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஐயோ, இது மாயவரத்து நாத்தனாருடையது, வளைகாப்புக்கு இரவல் வாங்கினோம்” என்றார். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மாள் கண்கலங்கி வாங்கித் தம்முடைய பரணில் ஏற்றிவிட்டார்; அது அவர் பாடு.

இவ்வளவு நிதானமாக எல்லாம் நான் தொடக்கத்தில் இருக்கவில்லை. நான் பிறந்தது தர்மபுரிப் பக்கம். கல்யாணமாகித் தஞ்சை மாவட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளில், சுறுசுறுப்பான மருமகள் என்று பெயர் வாங்கும் ஆசையில், சமையலறை மூலையில் நசுங்கிச் சாம்பல் நிறத்தில் கிடந்த ஒரு சொம்பை அலுமினியம் என்று நினைத்துப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டேன். அது ஈயச்சொம்பு. மாமியார் ரசம் வைக்கிற சொம்பு. சண்டை போடவில்லை அவர். மறுநாளிலிருந்து நான் எவர்சில்வரில் ரசம் வைக்கும்போதெல்லாம் அடுப்படிக்கு வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “ம்” என்பார். அந்த “ம்” எட்டு ஆண்டு நீடித்தது.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன்: ஈயச்சொம்பு என்பது வெள்ளீயம். கையில் எடுத்தால் கனக்கும். அதே அளவு அலுமினியச் சொம்பு லேசாக இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால்தான், உள்ளே ரசமோ தண்ணீரோ இல்லாமல் அடுப்பில் வைக்கக்கூடாது என்பார்கள். வெள்ளீயத்தின் விலை பித்தளையைப் போலப் பல மடங்கு. வெண்கலத்திலும் அந்த ஈயம் கலந்திருப்பதால் அதற்கும் பித்தளையைவிட விலை கூடுதல். விரலால் சுண்டினால் வெண்கலம் கோயில் மணிபோல நின்று ஒலிக்கும். விற்பது என்று முடிவானால் எல்லாவற்றையும் ஒரே கோணிப்பையில் போட்டு ஒரே எடையாக நிறுக்கவிடாதீர்கள். பித்தளை, வெண்கலம், தாமிரம் என்று தனித்தனியாகப் பிரித்துக் கடைக்கே கொண்டு செல்லுங்கள். மாமியாரையும் ஆட்டோவில் அழைத்துச் செல்லுங்கள். தராசைப் பார்க்கிற கண் அந்தத் தலைமுறைக்குத்தான் உண்டு.

கடைசியாக அவர் ஐந்தாறு பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்பார். அவை திருச்சிக்கு வரட்டும். அடுக்ககத்திலும் ஒரு பரண் இருக்கும்.

மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நான்கு நாளில் வீட்டைச் சுத்தமாக ஒழித்து, மூன்று மூட்டை வேண்டாத சாமான்களை வெளியேற்றினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். இரண்டு வாரமாகப் பேச்சில்லை.
*— வாசகர், ஈரோடு*

எங்கள் நூலகத்தில் கிழிந்துபோன ஒரு நூலைக் கழிக்க வேண்டுமென்றாலும் பட்டியல் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பி, கையெழுத்து வாங்க வேண்டும். நீங்கள் ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை ஐயா. அந்த மூன்று மூட்டையில் உங்கள் சட்டை எத்தனை இருந்தது என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பழைய சாமான் கடை பக்கத்தில்தான் என்றால் இன்றே போய்ப் பாருங்கள். சிலர் தரம் பிரிக்காமல் பல வாரம் போட்டு வைத்திருப்பார்கள்.

அப்பா காலமாகி ஓராண்டு ஆகிறது. அவருடைய தகரப் பெட்டி நிறையக் காகிதங்கள். போகியன்று கொளுத்திவிடலாம் என்கிறான் பெங்களூரில் இருக்கும் தம்பி.
*— வாசகர், மதுரை*

தம்பியின் கையில் தீப்பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரையில் போர்வையை விரித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறங்கள். (விசிறியை நிறுத்தாமல் தொடங்கி, ஒரு மணி நேரம் கட்டிலுக்கடியில் தவழ்ந்தவள் சொல்கிறேன்.) கடிதங்களைப் படிக்காதீர்கள். படிக்க உட்கார்ந்தால் அன்றைய வேலை அதோடு சரி. அவற்றை ஒரு துணிப்பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். அவை அவருக்குச் சேர்ந்தவை.

மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது எதையும் கழிக்க வேண்டாம். அசல் பத்திரம் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், செய்தித்தாளில் விளம்பரம் என்று அலைய வேண்டிவரும். பழைய பாஸ்புக் கிடைத்தால், ‘எப்போதோ மூடியிருப்பார்’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பத்தாண்டு யாரும் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு நிதிக்குப் போய்விடும். ஆனால் வாரிசுகளின் உரிமை போய்விடாது. எந்த வங்கியில் கிடக்கிறது என்று தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023-இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அப்பாவின் பெயரும் பான் எண்ணும் இருந்தால் போதும். பணத்தைக் கேட்டுப் பெறுவது அந்தந்த வங்கியில்தான். வாரிசுச் சான்றிதழைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

ஓரத்தில் பூவேலைப்பாடு அச்சிட்ட கெட்டிக் காகிதம் ஏதாவது வந்தால் அது கம்பெனிப் பங்குச் சான்றிதழாக இருக்கலாம். தொடர்ந்து ஏழாண்டு டிவிடெண்ட் வாங்காமல் இருந்தால் அந்தப் பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். அங்கிருந்தும் வாரிசுகள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். வேலை நீளும், பொறுமை வேண்டும். எல்.ஐ.சி. பத்திரம் கிடைத்தால் பாலிசி எண்ணோடு கிளைக்குப் போய்க் கேளுங்கள்.

பத்திரங்களுக்கு நடுவே பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் வரக்கூடும். அப்பாக்கள் அப்படித்தான். 2016 நவம்பர் 8 அன்று செல்லாததாக அறிவிக்கப்பட்ட அந்த நோட்டுகளில் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். ஞாபகத்துக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மின்கட்டண ரசீது, கல்யாணமண்டபக் கணக்கு, வாரண்டி முடிந்த மிக்சியின் கையேடு, இவையெல்லாம் தாராளமாகப் பழைய பேப்பர்காரருக்குப் போகலாம். ஆதார் நகல், கையெழுத்துப் போட்ட காசோலை இருந்தால் மட்டும் கிழித்துப் போடுங்கள்.

‘பழையன கழிதலும் புதியன புகுதலும்’ என்று முன்னோரே சொல்லியிருக்கும்போது, போகியில் கொளுத்தினால் என்ன தவறு?
*— வாசகர், காஞ்சிபுரம்*

அது நன்னூல் நூற்பா. மொழியில் பழைய சொற்களும் வழக்குகளும் மறைந்து புதியவை வருவதைப் பற்றிப் பவணந்தி முனிவர் எழுதியது. பாயையும் துடைப்பத்தையும் பற்றி அல்ல. அடுத்த அடியையும் படியுங்கள்: ‘வழுவல கால வகையினானே’. கழிவது குற்றமில்லை என்றுதான் சொல்கிறார். கழித்தே ஆக வேண்டும் என்றோ, தெருவில் வைத்துக் கொளுத்து என்றோ சொல்லவில்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தடுமாறின. கிழிந்த பாய் ஒன்றைச் சாத்திரத்துக்கு எரித்துக்கொள்ளுங்கள். டயரும் ரெக்சின் பையும் வேண்டாம்.

அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி பரணில் இருக்கிறது. பழைய இரும்புக்காரர் 50 ரூபாய் தருகிறேன் என்கிறார்.
*— வாசகி, விருத்தாசலம்*

2006-க்கும் 2011-க்கும் இடையே வந்த அந்த டிவி இல்லாத பரணே எங்கள் தெருவில் கிடையாது. 50 ரூபாய் உள்ளே இருக்கும் செப்புக்கம்பிக்கு. அதை எடுப்பதற்காகப் பலர் படக்குழாயை உடைத்துவிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் காரீயம் உண்டு. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பட்டியல் கிடைக்கும்.

கணவர் முப்பது ஆண்டுகளாக வார இதழ்களின் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்திருக்கிறார். நாற்பது கட்டுக்கு மேல் தேறும். தூசி தாங்கவில்லை. எடைக்குப் போடலாமா?
*— வாசகி, திருநெல்வேலி*

கேள்வியைப் படித்ததும் என் கை பரபரத்தது. கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு தைத்து, காலண்டர் தாளால் அட்டை போட்ட கட்டுகள்தானே? அப்படி ஒரு கட்டு என்னிடமும் இருக்கிறது. கதையை விட எனக்குப் பிடித்தது பின்பக்கங்கள். பாதித் துணுக்கு, அரைப்பக்க விளம்பரம், சமையல் குறிப்பு. ஒரு பக்கத்தில் வத்தக்குழம்பு, ‘பிறகு அதில்’ என்ற இடத்தோடு நின்றுவிட்டது. அதில் என்ன போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் தூசி தூசிதான். முதலில் கட்டுகளை வாசற்பக்கம் கொண்டுவந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். வெயிலில் நேராக வைக்காதீர்கள், தாள் அப்பளமாகிவிடும். நிழலில் காற்றாட வையுங்கள். ஓரத்தில் அரித்தாற்போல இருந்தால் வெள்ளிப்பூச்சி. குண்டூசி குத்தியதுபோல ஓட்டை நேராக உள்ளே போனால் இராமபாணம். ஓட்டை விழுந்த கட்டுகளைத் தனியே பிரித்து வையுங்கள், மற்றவற்றுக்கும் பரவும்.

பிறகு கணவரை உட்காரவைத்து, எவற்றைத் திரும்பப் படிப்பார் என்று கேளுங்கள். பத்து தேறினால் அதிகம். மிச்சத்தை எடைக்குப் போடுமுன் ஒரு பட்டியல் எழுதுங்கள்: கதை, இதழ், ஆண்டு. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் நோட்டீஸ், அழைப்பிதழ் உட்படத் தேடித் தேடிச் சேர்த்த காகிதங்களிலிருந்து 1994-இல் உருவான நூலகம் அது. அவர் வீட்டிலும் யாராவது தூசி என்று முணுமுணுத்திருப்பார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருந்தால் வேண்டாம் என்பார்கள். அப்போது எடைக்குப் போடுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. நாற்பது கட்டுக்கும் வாசகர் உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய வேட்டிகளைத் தூளிக்கும் துணிக்கும் எடுக்கலாமா?
*— வாசகி, நாகர்கோவில்*

பாச்சை உருண்டை வாசம் பட்ட துணி பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு அதனால் இரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரும். குறைபாடு இருப்பது முன்கூட்டித் தெரியாது. வாசமே படாத வேட்டி இருந்தால் துவைத்து வெயிலில் காயவைத்து எடுங்கள். இல்லையென்றால் புதிய மல் துணி இரண்டு மீட்டர் வாங்குங்கள், செலவு பெரிதில்லை. இனிமேல் பீரோவில் வசம்புத் துண்டு போடுங்கள்.

நான் எட்டாம் வகுப்பு. நான் சேர்த்த கூழாங்கற்கள், பழைய சாவிகள், நின்றுபோன கைக்கடிகாரம் எல்லாவற்றையும் குப்பை என்று அம்மா வீசிவிட்டார். நீங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள் பாட்டி.
*— ஒரு மாணவன், தஞ்சாவூர்*

கடிகாரம் போனதற்கு எனக்கும் வருத்தம்தான் தம்பி. நான் சொன்னால் உன் அம்மா கேட்பாரா என்று தெரியவில்லை. என் மகளே கேட்பதில்லை. நீ செருப்புக்கடையில் அட்டைப்பெட்டி ஒன்று கேட்டு வாங்கு. மூடி மேல் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுது. பெட்டி மூடுகிற வரை உள்ளே இருப்பதை யாரும் தொடக்கூடாது, மூடவில்லை என்றால் நீயே ஒன்றை எடுத்து வெளியே போட வேண்டும் என்று அம்மாவிடம் பேசி முடித்துக்கொள். கற்கள் கனம், ஏழெட்டுக்கு மேல் வேண்டாம்.

இந்தப் பதிலை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், முதலில் தாளைத் திருப்பிப் பார். பின்பக்கம் சமையல் குறிப்பு இருந்தால், அம்மா படித்து முடிக்கும் வரை பொறு.