பழைய பங்களா வீட்டுக்குப் பச்சை டைல்ஸ் பாத்ரூம் வேண்டுமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருஷம் ஆகிறது, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் 1912-ல் கட்டிய கிராஃப்ட்ஸ்மேன் பங்களா (அந்தக் காலத்து மரச்சட்டச் சிறு வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், இருப்பது ஒரே பாத்ரூம், அதிலும் டாய்லெட் பக்கம் தரை அமுங்குகிறது. டிசைனர் காட்டும் படங்களிலோ கரும்பழுப்பு ஓக் அலமாரி, பாசிப்பச்சை டைல்ஸ், வண்ணக்கண்ணாடி விளக்கு. இதுதான் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்ற கைவினைப் பாணியா, வாளியில் மொண்டு குளிக்கும் நமக்கு இது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2006-ல் இதே ஊரில் இதே வயசு வீட்டை வாங்கி, இதே மாதிரிப் படங்களில் மயங்கி, கையைச் சுட்டுக்கொண்டவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்தக் காலத்து பாத்ரூம் அப்படி இருந்ததே இல்லை. கூடத்தில் மரப்பலகை, கணப்படுப்பைச் சுற்றி மண் நிற டைல்ஸ் எல்லாம் உண்டு. பாத்ரூம் கதவைத் திறந்தால் ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை! எல்லாம் கிருமி பயம்தான். நோய் கிருமியால் பரவுகிறது என்று ஜனங்களுக்கு உறைத்த காலம் அது, அழுக்கு இருந்தால் கண்ணில் படவேண்டும், துடைத்தால் போகவேண்டும் என்று நினைத்தார்கள். தரையில் ஓரங்குல அறுகோண வெள்ளைச் சில்லுகள், பளபளப்பு இல்லாதவை. சுவரில் நாலு நாலரை அடி உயரத்துக்கு 3-க்கு 6 அங்குல வெள்ளை டைல்ஸ். 1904-ல் திறந்த நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒட்டியதால் இன்றைக்கும் அதற்கு சப்வே டைல் என்றே பெயர். கையில் காசு குறைந்தவர்கள் டைல்ஸே போடாமல், சுவர்ப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே டைல்ஸ் மாதிரி கோடு கிழித்து வெள்ளை எனாமல் அடித்துவிடுவார்கள் (என் வீட்டில் அதுதான் இருந்தது, தெரியாமல் உடைத்துவிட்டேன்). பிறகு கால் வைத்த வார்ப்பிரும்பு டப், தூண் மேல் நிற்கும் பீங்கான் வாஷ்பேசின், சுவருக்குள் பதித்த கண்ணாடிக் கதவு மருந்தலமாரி, நிக்கல் பூசிய குழாய்கள். குரோமியம் முலாம் 1920-களின் கடைசியில்தான் கடைக்கே வந்தது, ஆகவே 1912 வீட்டில் பளபளவென்று குரோம் குழாய் மாட்டினால் தெரிந்தவன் கண்ணுக்கு உறுத்தும்.

அப்படியானால் டிசைனர் காட்டுவது பொய்யா? முழுப் பொய்யில்லை, கூடத்தைத் தூக்கி பாத்ரூமுக்குள் வைக்கிறார், அவ்வளவுதான். ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்ற பெயர் 1887-ல் லண்டனில் ஒரு கண்காட்சிச் சங்கத்துக்காக உண்டானது. ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் போன்றவர்களின் கோபமெல்லாம் எந்திரம் துப்பிய போலி அலங்காரத்தின் மேல். மரம் மரமாகத் தெரியட்டும், இணைப்பை மறைக்காதே, செய்தவன் கை தெரியட்டும் என்றார்கள். அமெரிக்காவில் இதைச் சாதாரண வீடு வரை கொண்டுபோனது மரச்சாமான் செய்த குஸ்டாவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய பத்திரிகை. நமக்கும் இதில் ஓர் உறவு உண்டு: கொழும்பில் பிறந்த நம் கலை அறிஞர் ஆனந்த குமாரசாமி இங்கிலாந்தில் இந்தக் கூட்டத்தோடுதான் இருந்தார், சிங்களக் கைவினை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908-ல் மாரிஸின் பழைய அச்சுப்பொறியில் கையால் அச்சானது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். போலிக்கு எதிராகக் கிளம்பிய பாணியின் பெயரைச் சொல்லி, ஓக் மரம் மாதிரி படம் ஒட்டிய அலமாரியை விற்கிறார்களே, அதுதான் எனக்கு எரிச்சல்.

நிஜ ஓக்கே போட்டாலும் பாத்ரூமில் அவஸ்தைதான். நான் கால்வெட்டு ஓக்கில், மரக்கதிர்கள் புலிவரி மாதிரி மின்னுமே, அதில் வாஷ்பேசின் அலமாரி செய்வித்தேன். ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். ஈரமும் இரும்பும் பட்டால் கறுத்துவிடும். இரண்டே வருஷத்தில் ஆணி இருந்த இடமெல்லாம் மை கொட்டின மாதிரி ஆகிவிட்டது, அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது "இதென்னடா கரி பிடிச்சிருக்கு" என்று கேட்டார். மரம் ஆசைப்பட்டால் கண்ணாடிச் சட்டம், கதவு, ஜன்னல் நிலை என்று தண்ணீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள்.

பச்சை டைல்ஸ் மேல் ஆசை விடவில்லை என்றால் ஒரே ஒரு வரிசை, வெள்ளைச் சுவரின் மேல்விளிம்பில். எர்னஸ்ட் பேச்சல்டர் இந்த ஊரில் தன் வீட்டுக் கொல்லையில் சூளை வைத்து டைல்ஸ் செய்ய ஆரம்பித்தவர், கணப்படுப்பைச் சுற்றி என்றேனே, அந்த மாதிரி மங்கலான மண் நிற டைல்ஸுக்குப் பேர்போனவர், கம்பெனி 1932-ல் பொருளாதாரப் பெருமந்தத்தில் மூடிப்போனது. அதே பாணியில் இன்றும் கையால் செய்கிறார்கள். சாதா வெள்ளையைவிடப் பல மடங்கு விலை, ஆனால் ஒரே வரிசைக்கு மட்டும் வாங்கினால் போதுமே. ஆத்தங்குடி டைல்ஸ் இறக்கலாமா என்று மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அழகுதான், கைவேலைதான், ஆனால் சிமென்ட் டைல்ஸ் தண்ணீரையும் சோப்பையும் உறிஞ்சும், தடிமன் அதிகம், மரத்தளத்துக்குக் கனம். முன் வராந்தாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தளம் என்றேனே, உங்கள் நிஜப் பிரச்சினையே அதுதான். நம் ஊரில் கான்கிரீட் தளம், வாட்டம் விட்டு மூலையில் ஒரு துவாரம். வாளித் தண்ணீரைக் கொட்டி விளக்குமாறால் தள்ளினால் போயிற்று. இங்கே தரைக்கு அடியில் மரச்சட்டமும் பலகையும்தான், துவாரம் கிடையாது. டப்புக்கு வெளியே சிந்துகிற தண்ணீர் டைல்ஸ் இடுக்கில் இறங்கிப் பலகையை அழுக வைக்கும். உங்கள் தரை அமுங்குவது பெரும்பாலும் அப்படித்தான், இல்லாவிட்டால் டாய்லெட் அடியில் இருக்கும் மெழுகு வளையம் கசிந்திருக்கும். எந்த டைல்ஸ் என்று யோசிப்பதற்கு முன் இதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குளிக்க என் யோசனை: கால் வைத்த டப் வேண்டாம். படத்தில் நன்றாக இருக்கும், முட்டி வலியோடு ஆறு மாசம் வந்து தங்கும் உங்கள் அம்மாவோ மாமியாரோ அதில் ஏறி இறங்க முடியாது. அந்த இடத்தில் 3-க்கு 5 அடி ஷவர் அறை, முழுக்க நீர்த்தடுப்பு, உட்கார ஒரு மேடை, அப்புறம் டப்பில் வைக்கும் குழாய்மூக்கை இரண்டடி உயரத்தில் வாளிக்காக வைக்கச் சொல்லுங்கள். பிளம்பர் ஏன் என்று முழிப்பார், வாளியைக் காட்டுங்கள். தரையில் அந்த அறுகோணச் சில்லுகளே, சின்னச் சின்ன இணைப்புகள் நிறைய இருப்பதால் ஈரத்தில் கால் வழுக்காது. ஹெல்த் ஃபாசெட் மாட்டினால் ஒவ்வொரு தடவையும் வால்வை மூடுங்கள், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் ஹோஸ் ஒருநாள் வெடித்தால் மரத்தளம் அம்பேல்.

ஆள் பிடிப்பது பற்றி. கலிஃபோர்னியாவில் வீட்டு வேலைக்கு கான்ட்ராக்டர் வாங்கக்கூடிய முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான். பாதிப்பணம் கேட்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். எனக்கு வந்தவர் பாதி வாங்கிக்கொண்டு, நான் ஆபீஸில் இருந்தபோது அந்தக் காலத்து மருந்தலமாரியையும் கதவுக் கைப்பிடிகளையும் பெயர்த்துக் குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டார். 1978-க்கு முந்தைய வீடு என்பதால் ஈயப் பெயிண்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கான சான்றிதழ் உள்ளவர்தான் சுவரைத் தொடவேண்டும். உங்கள் தெரு பங்களா ஹெவன் பகுதிக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். 1989-லேயே பாதுகாக்கவேண்டிய அடையாளப் பகுதியாக அறிவித்த இடம், தெருவிலிருந்து தெரியும் ஜன்னலை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் மாட்ட அங்கே நினைத்தபடி முடியாது.

இடிப்பதற்கு முன் ஒரு வேலை. தரையில் ஒட்டியிருக்கும் பழைய வினைல் விரிப்பை, ஆஸ்பெஸ்டாஸ் என்ற நச்சு இழை இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புங்கள், நீங்களாகச் சுரண்டாதீர்கள். சுத்தம் என்று முடிவு வந்ததும் ஒரு மூலையை மட்டும் கிளப்பிப் பாருங்கள். என் பக்கத்து வீட்டில் மூன்று அடுக்குக்குக் கீழே அந்த வெள்ளைச் சில்லுகள் அப்படியே கிடந்தன.