என்.எஸ்.எஸ். முகாமுக்குக் கிராமத்துக்குப் போனால், நல்ல விருந்தாளியாக இருப்பது என்றால் என்ன?

நாம் வந்து தங்கியதால் ஊர்க்காரர்களின் அன்றாடம் தடம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான். 1969-ல் தொடங்கிய என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்கள் ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போவது வழக்கம். தங்குவது பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அல்லது சமுதாயக் கூடத்தில்.

ஏன் இவ்வளவு கவனம்? எண்ணிக்கைதான் காரணம். வீட்டுக்கு ஒரு அத்தை மகன் வந்தால் இன்னொரு தட்டு வைத்தால் போதும். கல்யாணக் கூட்டமே வந்து இறங்கினால் தொட்டி காலியாகிவிடும். 50 பேர் ஆளுக்கு மூன்று வாளி குளித்தால் 150 வாளி!

காலையில் குடத்தோடு குழாயடிக்கு வந்த ஒரு அக்கா, எங்கள் பையன்கள் பல் தேய்த்து முடிக்கும்வரை இடுப்பில் வெறும் குடத்தோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள், அதனால்தான் நாமே முந்திக்கொண்டு யோசிக்க வேண்டும். ஊர் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு நாம் போகலாம். இரவு ஒன்பதுக்கு மேல் பாட்டும் கைதட்டலும் வேண்டாம், விடிகாலையில் பால் கறக்க எழுபவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருப்பார்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். கிளம்பும்போது வகுப்பறை பெஞ்சுகள் பழைய இடத்துக்கே போக வேண்டும்.

'எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதே மரியாதை' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, திண்ணைக்குக் கூப்பிட்டு நீட்டும் டீயை மறுத்தால் அவர்களுக்கு மனசு கஷ்டப்படும், அரை டம்ளராவது உட்கார்ந்து குடியுங்கள்.