மத அமைப்புகள் வேண்டுகோள் விடுத்து ஒரு நாட்டின் சட்டம் மாறியதுண்டா?

உண்டு, மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில். 2017 மார்ச் 29 அன்று உலோகச் சுரங்கங்கள் அனைத்தையும் தடைசெய்த முதல் நாடு அதுதான். 84 உறுப்பினர் கொண்ட சட்டமன்ற அவையில் 69 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

வெறும் பிரார்த்தனையால் நடந்ததல்ல இது. தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பெரும்பாலும் சயனைடு என்ற நச்சைப் பயன்படுத்துவார்கள். நாட்டின் குடிநீருக்குப் பெரும் ஆதாரமோ லெம்பா ஆறு. கிராமத்து மக்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். கத்தோலிக்க ஆயர்கள் 2007-இல் அறிக்கை வெளியிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் அறிக்கைகளை அரசியல்வாதிகள் எளிதில் மடித்து வைத்துவிடுவார்கள். வேலை செய்தது அடுத்த படி என்பது என் எண்ணம். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் பல்கலைக்கழகம் சட்ட வரைவையே எழுதிக் கொடுத்தது. அதைப் பேராயர் ஹோசே லூயிஸ் எஸ்கோபார் அலாஸ் ஊர்வலமாகச் சென்று அவையில் ஒப்படைத்தார். கூடவே ஆயிரக்கணக்கான கையெழுத்துகள். கத்தோலிக்கர் நிறைந்த நாட்டில், ஞாயிறு திருப்பலிக்கு வருபவரும் வாக்காளர்தானே!

இன்னொன்றும் கைகொடுத்தது. உரிமம் மறுக்கப்பட்டதற்காக ஒரு சுரங்க நிறுவனம் நாட்டின் மீது தொடுத்த சர்வதேச வழக்கு, 2016-இல் அரசுக்குச் சாதகமாக முடிந்திருந்தது. நஷ்டஈட்டுப் பயம் அகன்றதால் கட்சிகளுக்கும் துணிச்சல் வந்தது.

பிறகு? 2024 டிசம்பரில், அதிபர் புக்கேலேயின் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த அவை அந்தத் தடையை நீக்கிவிட்டது. அதே பேராயர் 2025-இல் மறுபடியும் கையெழுத்துகளைச் சுமந்துகொண்டு அவைக்குப் போனார்.