பேல் மூன் பிரவுசரில் ஓடிடி படங்கள் ஏன் ஓடுவதில்லை? பழைய ஃபயர்பாக்ஸ் போலவே இருக்கும் அதை இன்றும் வைத்துக்கொள்ளலாமா?

ஓடாது. செட்டிங்கில் எதையாவது தட்டினால் சரியாகிவிடும் என்று நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன், நீங்கள் தொலைக்க வேண்டாம். படத்தின் பூட்டைத் திறக்கும் பகுதியை, பேல் மூன்காரர்கள் தெரிந்தேதான் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள்.

நான் பேல் மூனுக்குப் போனதற்குக் கொள்கை கிள்கை எதுவும் காரணமில்லை. ஏற்காட்டில் என் பெரியப்பா இருக்கிறார், நாலு ஏக்கர் காபி, ஊடே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. சேலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாவத்துக்கு நான்தான் அவருடைய கம்ப்யூட்டர் டாக்டர். 2014 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 29 வந்தது, ஆஸ்ட்ராலிஸ் என்று பெயர் வைத்துத் தோற்றத்தையே மாற்றினார்கள்: டேப்கள் வளைந்தன, மெனு வலது மூலையில் மூன்று கோடாகச் சுருங்கியது, கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஆட்-ஆன்களின் சின்னங்கள் உட்கார்ந்திருந்த அடிப்பட்டை காணாமல் போனது. பெரியப்பாவிடமிருந்து போன். "கண்ணு, ராத்திரி யாரோ வந்து வீட்டுச் சாமானையெல்லாம் இடம் மாத்தி வெச்சுட்டுப் போயிட்டாங்க."

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ப் பார்த்தால், மனிதர் ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். 'மேலே, வலது பக்கம், ரெண்டாவது பட்டன்.' 'கீழே கடைசியில் இருக்கும் பச்சைப் படம்.' ஒரே அப்டேட்டில் அந்த நோட்டு முழுக்கச் செல்லாமல் போய்விட்டது. அதை வடிவமைத்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை, அவர்களுக்கு இந்த நோட்டு இருப்பது தெரியாது, அவ்வளவுதான்.

அப்போதுதான் பேல் மூன் கண்ணில் பட்டது. 2009-இல் மூன்சைல்ட் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் ஃபயர்பாக்ஸிலிருந்து பிரித்து ஆரம்பித்தது. ஆஸ்ட்ராலிஸை அவர்கள் எடுத்துக்கொள்ளவே இல்லை. மெனு பட்டையை மேலே நிறுத்தலாம், டேப்களை முகவரிப் பட்டைக்குக் கீழே வைக்கலாம், அடியில் ஸ்டேட்டஸ் பட்டை உண்டு. 2016-இல், பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் ஃபயர்பாக்ஸின் கெக்கோ எஞ்சினிலிருந்தும் கிளை பிரிந்து கோவானா என்று தனியாக வைத்துக்கொண்டார்கள். கெக்கோ என்றால் பல்லி, கோவானா உடும்பு இனம். பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் உடும்புப் பிடி என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 பழைய வகை ஆட்-ஆன்களை ஒட்டுமொத்தமாகக் கைவிட்டபோதும் இவர்கள் விடவில்லை. 2018 டிசம்பரில் அங்கே எடுத்துவிட்ட லைவ் புக்மார்க் இங்கே இன்னும் இருக்கிறது, பெரியப்பா அதில்தான் காலைச் செய்தித் தலைப்புகளைப் பார்க்கிறார்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

ஓடிடி தளம் அனுப்புவது பூட்டிய வீடியோ. அதைத் திறக்க பிரவுசருக்குள் ஒரு தனிப் பெட்டி வேண்டும், பெரும்பாலும் அது கூகுளின் வைட்வைன். தளம் இஎம்இ என்ற வாசல் வழியாக அந்தப் பெட்டியோடு பேசும், பெட்டி உரிமம் தரும் சர்வரிடம் சாவி வாங்கித் திறக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று பிரவுசரை எழுதியவருக்கே தெரியாது, மூலநிரல் வெளியே கிடைக்காது. நம் வீட்டில் ஒரு அறை, சாவி மட்டும் வேறு ஒருவரிடம். உரிமையை மீறும் நோக்கத்தோடு அந்தப் பூட்டை உடைத்தால் நம் ஊரிலும் குற்றம்தான், 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்து இரண்டு வருடம் வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள்.

ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மோசில்லாவும் 2014-இல் மனசில்லாமல்தான் இதற்கு ஒப்புக்கொண்டது, வேண்டாம் என்றால் ஜனங்கள் படம் பார்க்க வேறு பிரவுசருக்குப் போய்விடுவார்கள் என்ற கணக்கு. 2015 மே மாதம் ஃபயர்பாக்ஸ் 38-இல் அது வந்தது. 2017 செப்டம்பரில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இஎம்இயை அதிகாரபூர்வப் பரிந்துரையாக்கியது, வாக்களித்தவர்களில் ஆதரவு 58.4 சதவீதம்தான். டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அந்த அமைப்பிலிருந்தே விலகியது. பேல் மூனோ இன்றுவரை அந்த அறையைக் கட்டவே இல்லை.

கட்ட நினைத்தாலும் சும்மா கிடைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் தனி ஆளாக மெட்டாஸ்ட்ரீம் என்ற பிரவுசரை எழுதிக்கொண்டிருந்த ஒருவர் வைட்வைன் கேட்டார். நான்கு மாதம் காத்திருக்க வைத்து, கூகுள் தர முடியாது என்று பதில் அனுப்பியது. புதிதாக யாராவது பிரவுசர் எழுதினால் அதில் படம் ஓடலாமா கூடாதா என்பதை, ஏற்கெனவே குரோமை விற்காமல் விற்கும் கம்பெனி முடிவு செய்கிறது. எனக்கு அந்தப் பூட்டைவிட இதுதான் உறுத்துகிறது. இத்தனை பூட்டு போட்டும் திருட்டுப் பிரதி வராமலா இருக்கிறது? காசு கட்டியவனுக்குத்தான் கருவியைப் பார்த்துத் தரத்தைக் குறைக்கிறார்கள்.

ஆனால் பேல் மூன்காரர்களைக் கோயில் கட்டிக் கும்பிடவும் வேண்டாம். பெயர், சின்னம் விஷயத்தில் ரொம்பக் கறார், மாற்றிக் கட்டிய பதிப்பை அவர்கள் பெயரில் கொடுக்க விடமாட்டார்கள் (ஃபயர்பாக்ஸும் அப்படித்தான், அதனால்தான் டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பல வருடம் ஐஸ்வீசல் என்று பெயர் மாறி இருந்தது). விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள், கனமான தளங்களில் மூச்சு வாங்கும். ஒரு வங்கித் தளம் 'உங்கள் பிரவுசர் மிகப் பழையது' என்று வெளியே தள்ளியது, நான் அப்டேட் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்கும் பக்கங்களில் மாட்டிக்கொண்டு சுற்றியதும் உண்டு. என் கடையில் அரசு விண்ணப்பம் போட வருகிறவர்களுக்கு நான் பேல் மூனைத் திறப்பதில்லை, அவர்கள் அவசரம் அவர்களுக்கு.

தோற்றம் மாறாதது, பூட்டு இல்லாதது, இந்த இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் தோற்றத்தைத்தான் சொல்வேன். பூட்டுக்கு மாற்றுவழி உண்டு, இன்னொரு பிரவுசர் வைத்துக்கொள்ளலாம், டிவியில் பார்க்கலாம். கையும் கண்ணும் பழகிய இடம் போய்விட்டால் எழுபது தாண்டியவருக்கு மாற்றுவழி நான் ஒருவன்தான், நானும் மழைக்காலத்தில் மலை ஏற மாட்டேன்.

அதனால் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே இன்னொன்றும் இருக்கட்டும். பெரியப்பாவின் டெஸ்க்டாப்பில் இரண்டு ஐகான் இருக்கிறது. பேல் மூனுக்கு 'வேலை' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறார், மற்றதற்குப் 'படம்'. படம் பிரவுசர் போன மாதம்கூட ஏதோ பட்டனை இடம் மாற்றியிருக்கிறது. "அது மாறட்டும் கண்ணு, அதுல நான் எதையும் எழுதி வெக்கல" என்றார்.