இறக்குமதி டைல்ஸ் மீதான பொருள்குவிப்புத் தடுப்பு வரி: 5 ஆண்டு ஆனதும் மறுஆய்வு எதற்கு?

சீனாவில் 500 ரூபாய்க்கு விற்கும் டைல்ஸை ஒரு நிறுவனம் நமக்கு 400 ரூபாய்க்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுதான் பொருள்குவிப்பு. இதனால் குஜராத்தின் மோர்பி போன்ற ஊர்களில் உள்ள ஆலைகள் நசிந்தால், அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட அரசு கூடுதல் வரி போடலாம். கண்ணாடி, டைல்ஸ் என்று கட்டுமானப் பொருட்கள் பலவற்றுக்கு இந்தியா இப்படிப் போட்டிருக்கிறது.

1975-ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டப்படி இந்த வரிக்கு ஆயுள் 5 ஆண்டு. நீட்டிக்க வேண்டுமானால் மறுஆய்வு நடக்க வேண்டும். மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் உள்ள வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககம் (DGTR) ஆராய்ந்து பரிந்துரைக்கும். முடிவு நிதி அமைச்சகத்தின் கையில்.

வரியை எடுத்தால் பொருள்குவிப்பும் அதனால் வரும் பாதிப்பும் திரும்ப வருமா என்பதுதான் மறுஆய்வின் கேள்வி. ஒரு உவமை சொல்கிறேன்: தோட்டத்துக்கு வேலி போட்டபின் ஆடு வரவில்லை. வேலியைப் பிரித்தால் திரும்ப வருமா? ஆடு இப்போது மேய்கிறதா என்று மட்டும் பார்த்தால் பதில் கிடைக்காது. பக்கத்தில் பட்டி இன்னும் இருக்கிறதா, அடுத்த தோட்டத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதேபோல ஏற்றுமதி நாட்டில் உபரி உற்பத்தித் திறன் எவ்வளவு, பிற நாடுகளுக்கு என்ன விலையில் விற்கிறார்கள் என்று அதிகாரிகள் பார்ப்பார்கள். வீடு கட்டுபவருக்கு விலை ஏறுமே என்ற வாதமும் வரும், நியாயமான வாதம்தான்.

“மலிவாக வந்தாலே இந்த வரி விழும்” என்று பலர் நினைக்கிறார்கள்; சொந்த நாட்டிலும் அதே மலிவு விலைக்கு விற்றால் அது பொருள்குவிப்பே அல்ல.