நாய் ஓயாமல் சொறிந்துகொண்டே இருக்கிறது, உண்ணி எதுவும் கண்ணில் படவில்லை. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு வயது லாப்ரடார், உடம்பில் உண்ணி இல்லை, ஊசி போட்டால் இரண்டு வாரம் நிம்மதியாக இருக்கிறது, பிறகு மறுபடியும் சொறிய ஆரம்பித்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே நிலையில் எங்கள் வீட்டு நாய் மணியும் இருந்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன ஊசி என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டாக இருந்தால், எதனால் வந்த அரிப்பாக இருந்தாலும் அது பெரும்பாலும் தற்காலிகமாக அடங்கிவிடும். ஆகவே, ஊசிக்குக் குறைந்தது என்பதை வைத்துக் காரணத்தை ஊகிக்க முடியாது. அடுத்த ஊசிக்கு முன் காரணத்தைத் தேடும்படி மருத்துவரிடம் வற்புறுத்துங்கள். நீங்கள் அவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, நாய் எங்கே சொறிகிறது என்று கவனித்துச் சொல்வதுதான்.

பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறிவது மட்டும் அரிப்பு அல்ல. பாதத்தை மணிக்கணக்கில் நக்குவது, வாலடியைக் கடிப்பது, முகத்தைச் சோபாவில் தேய்ப்பது, காதை உதறிக்கொண்டே இருப்பது எல்லாமே அரிப்பின் அடையாளமாக இருக்கலாம். வெளிர் நிற நாய்களில் பாத ரோமம் துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால், அது நாள்பட நக்கியதால், எச்சில் பட்டுப் படிந்த கறை. நாம் பார்க்காத நேரத்தில் நக்குகிற நாயையும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

வாலடியும் பின்தொடையும் என்றால் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. உண்ணி வேறு, தெள்ளு வேறு. உண்ணி ஓரிடத்தில் கடித்துப் பிடித்துக்கொண்டு இருக்கும், விரலுக்குத் தட்டுப்படும். தெள்ளு ரோமத்துக்குள் ஓடி மறைந்துவிடும். அதன் எச்சில் ஒவ்வாத நாய்க்குச் சில கடிகளே போதும், நாள் முழுவதும் அரிக்கும். அப்படிப்பட்ட நாய் பூச்சிகளைக் கடித்தும் நக்கியும் விழுங்கிவிடுவதால் நாம் தேடும்போது ஒன்றும் அகப்படாது. ஈரமான வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் நாயை நிறுத்தி, நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியை வாருங்கள். உதிரும் கரும்புள்ளிகள் ஈரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது செரிமானமான இரத்தம், அதாவது தெள்ளின் எச்சம். வெறும் மண் அப்படிக் கரையாது. ஆனால் புள்ளி எதுவும் விழவில்லை என்பதால் தெள்ளு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

தெள்ளு முட்டைகள் நாயின் உடம்பில் தங்காமல் படுக்கையிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வரும் தெள்ளு, கூட்டுப்புழுப் பருவத்தில் மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். அதனால் ஒருமுறை மருந்து போட்டுவிட்டு, ‘பலனில்லை, காரணம் வேறு’ என்று ஒதுக்கக் கூடாது. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும், மருத்துவர் சொல்லும் மருந்தைத் தொடர்ந்து சில மாதங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிருக்கே ஆபத்து என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டி, செதில் படிந்திருந்தால் சார்காப்டஸ் என்ற சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். காது மடலின் ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால், இந்தச் சிரங்குள்ள நாய்களில் பல தம்மை அறியாமல் பின்னங்காலை ஆட்டும். நாயைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் முன்கையிலோ வயிற்றிலோ சிவப்புத் தடிப்பு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் இந்தப் பூச்சி அகப்படாமல் போவது உண்டு. ஆகவே சந்தேகம் வலுவாக இருந்தால் மருத்துவர் சிகிச்சையையே சோதனையாகத் தொடங்குவார். மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஊசியை அளவு பார்க்காமல் நாய்க்குப் போடுவது நம் ஊர்களில் நடக்கிறது. கோலி போன்ற சில நாய் இனங்களுக்கு அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி உயிரையே பறித்துவிடக்கூடும்.

நாயிடம் புளித்த வாடை வருகிறதா, தோல் பிசுபிசுக்கிறதா? மலசீசியா என்ற ஈஸ்ட் பெருகியிருக்கலாம். சீழ்க் கொப்புளம் இருந்தால் பாக்டீரியா. இரண்டுமே பெரும்பாலும் வேறொரு காரணத்தின் மேல் வந்து உட்காருபவை. ஆனால் அவையும் அரிக்கும் என்பதால் அவற்றைக் குணமாக்காமல் அடிப்படைக் காரணம் தெளிவாகத் தெரியாது. ஒளி ஊடுருவும் ஒட்டு டேப்பைத் தோலில் ஒட்டியெடுத்துச் சாயமிட்டுப் பார்ப்பது எளிய சோதனை. அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் தயவுசெய்து தடவாதீர்கள். தடவியதை நாய் நக்கும். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரலாம். மண்ணெண்ணெய் தோலை வேகவைத்துவிடும். அக்கறையுள்ளவர்கள்தான் இதைச் செய்கிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பூச்சியும் தொற்றும் இல்லை என்று உறுதியான பிறகும் அரிப்பு நிற்கவில்லை என்றால் மிஞ்சுவது ஒவ்வாமை. பாதம், அக்குள், வயிறு, முகம், காது ஆகியவையே அதன் இடங்கள். மணிக்கு முன்பாதங்களும் காதுகளும். உணவா, சுற்றுச்சூழலா என்பதை இடத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இரத்தம், எச்சில், முடி ஆகியவற்றை வைத்து உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாக விற்கப்படும் சோதனைகளை நம்ப வேண்டாம். நம்பகமான வழி, குறைந்தது 8 வாரம் நாய் இதுவரை உண்டிராத உணவை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. அல்லது புரதம் நுண்ணிதாகப் பகுக்கப்பட்ட மருத்துவ உணவைக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் மருத்துவர் மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று முடிவு செய்தார். மணி அதுவரை கோழியும் சோறும் தயிரும் சாப்பிட்டு வளர்ந்தவன். சமைப்பது எளிது, வீட்டில் உள்ளவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் பெரும்பாடு. மாலைக் காபியோடு அவனுக்கும் ஒரு பிஸ்கட் கொடுப்பது என் மாமியாரின் வழக்கம். அவரிடம், ‘அத்தை, ஒரு பிஸ்கட்டிலேயே இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிடும்’ என்று விளக்கியதும், அவித்த கிழங்குத் துண்டுகளைத் தனி டப்பாவில் எடுத்து வைத்து அதையே கொடுக்க ஆரம்பித்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்தோம். சுவையூட்டிய மாத்திரைகளில்கூட இறைச்சிப் புரதம் இருக்கலாம் என்பதால் அவற்றையும் மருத்துவர் மாற்றிக்கொடுத்தார்.

நக்குவது மெல்லக் குறைந்து, கடைசியில் நின்றது. ஆனால் சோதனை அதோடு முடிவதில்லை. பழைய உணவை மறுபடி கொடுத்து, அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் உறுதி. திரும்ப இரண்டு வாரம்வரை ஆகலாம். மணிக்குக் கோழி கொடுத்த சில நாளிலேயே பாதம் சிவந்துவிட்டது. தயிரால் ஒன்றும் ஆகவில்லை. நாய்களுக்கு அதிகம் ஒவ்வாதவையாகப் பதிவாகியிருப்பவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. ஆகவே கோழியும் பால் சோறும் சாப்பிட்டு வளரும் நம் வீட்டு நாய்களுக்கு இந்தச் சோதனை செய்து பார்க்கத் தகுந்தது.

உணவை மாற்றியும் பயனில்லை என்றால் அடோபி, அதாவது வீட்டுத் தூசிப்பூச்சி, மகரந்தம் முதலியவற்றால் வரும் ஒவ்வாமை. பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயதுக்குள் தொடங்கும், லாப்ரடாரில் அடிக்கடி காணப்படும். இதை அடியோடு குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம். ஸ்டீராய்டு தவிர ஒக்லாசிட்டினிப் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. சென்னைக்கு அருகில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். போகும்போது எந்த வயதில் தொடங்கியது, குறிப்பிட்ட மாதங்களில் கூடுகிறதா, என்னென்ன சாப்பிடுகிறான், இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையெல்லாம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நக்கும்போது கைபேசியில் எடுத்த வீடியோவும் உதவும், மருத்துவமனை மேசையில் ஏறியதும் நாய்கள் சொறிவதை நிறுத்திவிடும்.

இதையெல்லாம் நிதானமாகச் செய்ய நேரம் இருக்கிறது. ஆனால் முகம் திடீரென வீங்கினாலோ, ஈறு வெளுத்து, காய்ச்சலோடு சாப்பிடாமல் படுத்துவிட்டாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். இப்போது உண்ணி தெரியவில்லை என்றாலும், முன்பு எப்போதாவது கடித்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கக்கூடும், அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை.