புரோகிராம் மொழிகளின் பெயரை ஆங்கிலத்தில் முழுக்க கேபிடல் எழுத்தில் எழுதலாமா?

பயோடேட்டாவில் ஜாவா, பைத்தான், பெர்ல் எல்லாவற்றையும் முழுக்க கேபிடலில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்த மூன்றுக்கும் முதல் எழுத்து மட்டும்தான் பெரிது.

பாளையங்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மார்ச் பிறந்தால் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும் பயோடேட்டாவும்தான் வேலை. அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் கொண்டுவந்த தாளில், ஒரே பக்கத்தில் ஜாவா மூன்று விதமாக இருந்தது. தலைப்பில் நாலு எழுத்தும் கேபிடல், நடுவில் எல்லாம் சின்னது, கடைசி வரியில் மட்டும் சரி. "எல்லாத்தையும் கேபிடல்ல போட்ருங்க அண்ணாச்சி, பளிச்சுன்னு தெரியும்லா" என்றான்.

"வ.உ.சி.க்கு ஏன் புள்ளி வைக்கோம்? ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலயும் ஒரு பேரு இருக்கு. பாரதிய பா.ர.தி.ன்னு எழுதுவியாடே?" என்று கேட்டேன். புரிந்துகொண்டான்.

இதுவும் அதே கணக்குதான். எஸ்க்யூஎல், கோபோல் எல்லாம் சுருக்கப் பெயர்கள், அதனால் முழுக்க கேபிடல். ஜாவா காபியை வைத்து வந்த பெயர். பாஸ்கல் ஒரு கணித மேதையின் பெயர். ஏடா என்பது ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணியின் பெயர். அந்த மொழிக்கான அமெரிக்க ராணுவத் தரத்துக்கு 1815 என்று எண் கொடுத்ததே அவர் பிறந்த ஆண்டை வைத்துத்தான். அவர் பெயரைச் சுருக்கெழுத்து மாதிரி எழுதினால் எனக்கு மனசு கேட்காது.

ஃபோர்ட்ரான் கொஞ்சம் வித்தியாசம். 1957-இல் வந்தபோது முழுக்க கேபிடல்தான். ஃபோர்ட்ரான் 90 தரத்திலிருந்து முதல் எழுத்து மட்டும் பெரிது. லேப் மேனுவல் பழசாக இருந்தால் அதைப் பார்த்து அப்படியே அடிக்காதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஜே, எஸ் இரண்டும் பெரிது. பெர்ல் மொழியைச் சொன்னால் பெரிய பி. அதை ஓட்டும் புரோகிராமைச் சொன்னால் எல்லாமே சின்ன எழுத்து. அந்த மொழிக்காரர்களே இப்படித்தான் எழுதுகிறார்கள். பெர்ல் என்ற பெயருக்கு ஒரு விரிவாக்கம் சொல்வார்கள், ஆனால் அது பெயர் வைத்த பிறகு சேர்த்தது, அதை நம்பி கேபிடலுக்குப் போய்விடாதீர்கள்.

சந்தேகம் வந்தால் அந்த மொழியின் சொந்த இணையதளத்தில் விளக்கப் பகுதியைத் திறந்து, வாக்கியத்துக்கு நடுவில் பெயர் எப்படி வருகிறது என்று பாருங்கள். லோகோவைப் பார்த்து எழுதாதீர்கள். பைத்தான் லோகோவில் எல்லாமே சின்ன எழுத்துதான், ஆனால் உள்ளே விளக்கத்தில் எப்போதும் பெரிய பி போட்டுத்தான் எழுதுகிறார்கள்.